அம்மா விடாத பிடி

என் அப்பா பகலில் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் புதுச்சத்திரத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். அவர் காலைத் தூக்கினால் ஓடு உடையும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சுக்கு வினை அவரிடமே படித்த ஒருவனால் வந்தது. சேலம் போய், ஆளைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்து அமுக்கும் சண்டையைப் பழகி வந்தவன், பிள்ளைகளின் பெற்றோர் முன்னாலேயே கேட்டுவிட்டான்.

"நிக்கற வரைக்கும் நீங்கதானுங்க மாஸ்டர். கீழ உழுந்தா?"

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடலாம் என்று முடிவானது. அவன் அமுக்கி, அப்பா எழுந்துவிட்டால் வகுப்பு அப்பாவுக்கு. இல்லையென்றால் பிள்ளைகள் அவனிடம் போய்விடுவார்கள்.

எனக்கு அப்போதே எதற்கெடுத்தாலும் பயம். அந்த வாரம் சோறே இறங்கவில்லை.

பழகுவதற்கு அப்பாவுக்கு ஆள் வேண்டும். மாணவர்களைக் கூப்பிட்டால் மானம் போய்விடும் என்று அம்மாவைக் கூப்பிட்டார். கோழிப்பண்ணையில் நாளெல்லாம் முட்டை அட்டை தூக்கிவிட்டு வந்த அம்மா, முந்தானையை இடுப்பில் செருகி, அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அமுக்கினாள். அப்பா ஒரு கையை உருவிக் குத்திப் பார்த்தார். படுத்துக்கொண்டு விட்ட குத்தில் வலு இல்லை. உதைக்கலாம் என்றால் கால் எட்டவில்லை.

"செத்த விடு புள்ள, மூச்சு முட்டுது."

"அவன் விடுவானுங்களா?"

"நீ என்ன அவனா?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் அவன்தானுங்க."

நான் அழுதேன். "அழுவாத சாமி, அப்பன் எந்திரிச்சுருவாரு" என்றாள் அம்மா. பிடி மட்டும் தளரவில்லை. அம்மாவுக்கு அப்பாவைப் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு வழி பிடிபட்டது. மல்லாந்து கிடக்கவே கூடாது. ஒருக்களித்து, முழங்காலை நடுவில் கொடுத்து, இடுப்பை நகர்த்தி, கிடைத்த சந்தில் பாதத்தை அவன் இடுப்பில் ஊன்றித் தள்ளிவிட்டு எழ வேண்டும். அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சனிக்கிழமை அம்மா சுவரோரம் போய் விழுந்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது. "இப்பத்தானுங்க சரி" என்று சிரித்தாள்.

மறுநாள் மைதானத்தில் அப்பா விழுந்தார், வெகுநேரம் மண்ணில் புரண்டார், கடைசியில் எழுந்தார். ஒரு குத்துக்கூட விடவில்லை. ஆனாலும் விசில் பறந்தது; பிள்ளைகள் எங்கேயும் போகவில்லை. அம்மா பார்க்கவில்லை. பண்ணைக்கு ஞாயிறு லீவு கிடையாது.

சாயங்காலம் வந்தவள், "அப்பன் எந்திரிச்சாரா சாமி?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டியதும் சிமெண்ட் தரையில் அப்படியே படுத்துவிட்டாள். அப்பா கை நீட்டினார்.

"எந்திரி புள்ள, சோறு உங்கலாம்."

"முடீலைங்க. செத்த கெடக்கறேன்."

அப்பா இழுக்கவில்லை. கூடாது கூடாது என்று வாரமெல்லாம் சொன்னவர், அவள் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டார். யாரும் அமுக்காதபோது இவர்கள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் பயந்துகொண்டிருந்தேன்.