மல்லாத்தி வைத்த மூடி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பக்ருன்னிசா செக்கர். பதினெட்டு வருஷமாக அதே வேலை. தையல் பிசகிய ஷூ அவள் கண்ணுக்குத் தப்பாது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் சுருளிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டிவிடுவாள். சொந்தக் கொழுந்தன் தைத்ததற்கும் ஒட்டியிருக்கிறாள். அவன் மூன்று மாதம் பேசவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

பாக்யலட்சுமி விஷயம் அப்படியில்லை. ஆலங்காயத்திலிருந்து கம்பெனி வேனில் வரும் தையல்காரி அவள். கேன்டீனில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. டிபன் பாக்ஸைத் திறந்ததும் மூடியை மல்லாத்தி வைத்து, முதல் பங்கை அதில் போட்டு மற்றவள் பக்கம் தள்ள வேண்டும். அப்புறம்தான் தன் வாய்க்கு. யார் போட்ட சட்டமோ, ஒரு நாளும் தவறியதில்லை. பக்ருன்னிசா வீட்டில் மாட்டுக்கறி சமைத்த நாளில் பாக்யத்துக்கென்று முட்டைத் தொக்கு தனியாக வரும்.

மெக்சிகோவில் கம்பெனி புதிதாக ஆரம்பித்த பிரிவில் வேலை சொல்லிக்கொடுக்க இருவரையும் மூன்று வாரம் அனுப்பினார்கள். அங்கிருந்து ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, அதிகாரிகள் சுற்றி நிற்க, பாக்யலட்சுமி ஒரு ஷூ தைத்துக் காட்டினாள். படபடப்போ என்னவோ, குதிகால் பக்கம் ஒரு தையல் விட்டுப்போயிற்று. பக்ருன்னிசாவின் கை யோசிக்கவே இல்லை, ஸ்டிக்கரை ஒட்டிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பாக்யலட்சுமி அன்றைக்கு மூடிய வாயை அப்புறம் திறக்கவில்லை.

விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம். மெக்சிகோ விமான நிலையத்துக்குள்ளேயே இருந்த உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பரிமாற வந்த பெண்ணிடம் பக்ருன்னிசா "நோ மீட், நோ மீட்" என்று இரண்டு தடவை சொல்லி, கையையும் ஆட்டிக் காட்டினாள். திங்கட்கிழமை ஆம்பூரில் அதே கேன்டீன், அதே பெஞ்சு. இவள் இப்படியே இருந்தால் அங்கே எப்படிச் சோறு இறங்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மசித்த பீன்ஸ், பச்சை மிளகாய்ச் சட்னி, மூடி போட்ட வட்ட டப்பாவில் சூடான மக்காச்சோள ரொட்டி எல்லாம் வந்தன. பக்ருன்னிசா டப்பாவைத் திறந்தாள். மூடியை மல்லாத்தி வைத்தாள். ஒரு ரொட்டியில் பீன்ஸை அள்ளி வைத்து மடித்து, அதில் போட்டு எதிர்ப்பக்கம் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

பாக்யலட்சுமி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

"உப்பு கம்மிக்கா."

பக்ருன்னிசாவுக்கு உயிர் வந்தது. "பாக்யம், அன்னிக்கு நான்..."

"தையல் உட்டுப்போனது நெஜந்தானே. அதுக்கா கோவம்? அத்தினி பேரு முன்னாடியா ஒட்டுவ? தனியா கூப்ட்டு சொன்னா இன்னா?"

"தப்புதான்டி. கை போய்டுச்சு."

அதற்குள் ரொட்டியின் அடிப்பக்கம் பிரிந்து, பீன்ஸ் பாக்யலட்சுமியின் முழங்கை வரை வழிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பக்ருன்னிசாவின் பையைத் துழாவிச் சுருளை எடுத்தாள். ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து பக்ருன்னிசாவின் புறங்கையில் அழுத்தி ஒட்டினாள்.

"செக்கரம்மா மடிச்சது ரிஜெக்ட்."

கடையே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தார்கள். பாக்யலட்சுமி இன்னொரு ரொட்டியை ஓரம் பிரியாமல் மடித்து, அதே மூடியில் வைத்துத் தள்ளினாள்.

ஆம்பூர் வீடு போய்ச் சேரும்வரை பக்ருன்னிசா அந்த ஸ்டிக்கரை உரிக்கவில்லை.