கதவை நீங்களே சாத்திக்கொள்ளுங்கள்

ஒரு நடிகையின் கடைசி வசனத்தை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன்.

ஸ்பெயின்காரி. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் ‘அட, இவளா’ என்பீர்கள். கன்னியாஸ்திரி, மீன்காரி, கதாநாயகனின் அத்தை... பெரும்பாலும் வேலைக்காரி. ஆயுள் முழுக்க அப்படித்தான் நடித்தாள். ஓரமாக நின்று அவள் உருளைக்கிழங்கு உரித்தால் போதும், கதாநாயகியை யாரும் பார்க்கமாட்டார்கள்.

புலம்பெயர்ந்து வந்த மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் இருந்தபடி அவள் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறவள் நான். ஸ்பானிஷ் தெரியாது. ஆங்கில வசனத்தை வைத்துக்கொண்டு எழுதுவேன். நன்றாகவே எழுதுவேன், அதில் எனக்கு அடக்கம் கிடையாது.

கடைசிப் படத்திலும் வேலைக்காரிதான். படம் முழுக்க எசமானியிடம் பணிந்தே பேசுகிறாள். முடிவில் எசமானி அவளை வெளியே போகச் சொல்கிறாள். பெட்டியோடு வாசல்வரை போய்த் திரும்பி, ஒரே ஒரு வரி சொல்கிறாள்: கதவை நீயே சாத்திக்கொள். படமே அந்த வரிதான். அதற்குப் பிறகு அவள் நடிக்கவில்லை. இறந்துவிட்டாள்.

நான் எழுதியது: ‘கதவை நீங்களே சாத்திக்கொள்ளுங்கள், அம்மா.’

பக்கத்து வீட்டுச் செல்வி மதுரைக்காரி. கணவனின் வேலைக்காக முன்பு மாட்ரிட்டில் இருந்தவள். என் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டாள்; சேர்ந்து படம் பார்த்தோம். அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என்னக்கா இது? அந்தம்மா நீன்னுல்ல சொல்லுது. அதுவரைக்கும் நீங்க நீங்கன்னுட்டு இப்பதான் போட்டு உடைக்குது. நீங்க மறுபடியும் கும்பிடு போட வச்சிட்டீங்களே!”

“இங்கிலீஷில ரெண்டுக்கும் ஒரே சொல்தானே செல்வி. எனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஆமா, அதுவும் சரிதான்,” என்று இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டாள்.

நான் சொன்னது பொய்... முதலில் ‘நீயே’ என்றுதான் தட்டச்சு செய்தேன். நடிகையின் முகமே சொன்னது. பிறகு அழித்தேன்.

ஏன்? ஒரு வேலைக்காரி அப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் முற்றம் கூட்டிய பொன்னம்மா, பள்ளிக்கூடச் சிறுமியான என்னை ‘நீங்கள்’ என்பாள். நான் அவளை ‘நீ’ என்பேன். இங்கே மவுண்ட் வெல்லிங்டனில் பகுதிநேர வேலை செய்யும் இடத்தில் முதலாளியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அது மட்டும் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது! படத்து வேலைக்காரிக்கு ஒரு ‘நீ’யைத் தர மனம் வரவில்லை. என்ன பிறவி நான்?

சப்டைட்டில் வேலை தந்தவர்களிடம் திருத்தச் சொல்லிக் கேட்டேன். வெளியானதைத் தொடுவதில்லை என்றார்கள்.

யாராவது அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் அவள் வாசலில் திரும்பி நிமிர்ந்து நிற்கிறாள். கீழே என் எழுத்து அவளைக் குனிய வைக்கிறது...

செல்வி இன்னும் இங்கிலீஷைத்தான் திட்டுகிறாள். நானும் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறேன்.