ஊசி விழுங்கிய பூனை

எனக்குப் பூனைகளில் பெரிய பிரியம் கிடையாது. உடையார்கட்டு ஊரில் எங்கள் குசினியில் அடுப்போரம் படுத்துக் கிடப்பது மனைவியின் பூனை. அன்று காலை சட்டைக்குக் கொளுக்கி தைத்துக்கொண்டிருந்தவள், பால் பொங்குகிறதென்று எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது நூல் கோத்த ஊசியைக் காணவில்லை. பூனையின் வாயோரத்தில் நூல் மட்டும் விரலளவு தொங்கியது.

"இழுத்துப் பாக்கட்டோ?" என்றேன்.

"விசரே உங்களுக்கு? தொண்டையைக் கிழிச்சுக்கொண்டெல்லோ வரும்."

அவ்வளவு சரியாக யோசித்தவள் அடுத்ததில் கோட்டை விட்டாள். மீன்முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வது எங்கள் பக்க வழக்கம். அதே நினைப்பில் பூனைக்கும் மீன்குழம்புச் சோறு ஒரு கவளம் தீத்திவிட்டாள். சோற்றோடு நூலும் உள்ளே போய்விட்டது.

பூனையைக் கோழிக்கூடைக்குள் அடைத்து, மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க அது ஊரைக் கூட்டியது. மிருக வைத்தியர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாப்பாடு ஏதும் குடுத்தனீங்களோ?"

"ஒரு பிடி சோறு, ஐயா" என்றாள் மனைவி.

"ஊசி விழுங்கினா ஒண்டும் குடுக்கக்கூடாது அம்மா. நூலையும் இழுக்கக்கூடாது. அப்பிடியே தூக்கிக்கொண்டு வரவேணும். இப்ப வயித்துக்க போயிட்டுது. வெட்டித்தான் எடுக்கவேணும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. சோறு செமிக்கட்டும் என்று பின்னேரம்வரை காத்திருக்க வைத்தார்கள். பூனை போனால் இவள் தன்னையே தின்றுகொண்டிருப்பாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வயிற்றை வெட்டியதில் ஊசி வந்தது. பூனையும் பிழைத்தது. நாளைக் காலைவரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் மயக்கம் தெளிந்ததும் அது சோறு கேட்டுக் கத்தத் தொடங்கியது. மனைவி பானையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். போரின் கடைசி மாதங்களில் எங்கள் மகள் பசித்து அழுதபோது, நாங்கள் இருந்த தறப்பாள் கூடாரத்துக்குள் ஒரு பருக்கை சோறு இருக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது கலியாணம் கட்டி வவுனியாவில் சுகமாக இருக்கிறாள். நாங்கள் அந்த நாட்களைப் பற்றிக் கதைப்பதில்லை. அன்று மனைவி கதைத்தாள்.

"பசிக்குதெண்டு கேட்டதுக்கு இல்லையெண்டு சொன்னது எனக்கு அந்த ஒருக்காவே போதும். இனி ஏலாது. நீங்கள் பாருங்கோ."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் பானையைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கதிரையை இழுத்துப் பூனைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அது என் முகத்தைப் பார்த்துக் கத்தியது.

"இல்லை" என்றேன்.