எடிட்டருக்கு விருது, என் வீட்டுக்காரருக்குக் கிரிவலம்

தன் அபிமான நடிகருக்கு விருது கிடைத்தால் வெறுங்காலில் கிரிவலம் வருவதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டிருந்தார். இன்று காலை அறிவிப்பு வந்தது. படத்துக்கு விருது உண்டு. ஆனால் நடிகருக்கு இல்லை, எடிட்டருக்கு.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த என் தம்பி விடுவானா? அது ரீமேக் படம் என்பதால் அவனுக்கு ஏற்கெனவே இளக்காரம்.

"மாமா, உங்க ஆளு நடிச்சத வெட்டி எறிஞ்சதுக்குத்தான் அந்த விருதே!"

"ரீமேக்கோ என்னவோ, படம் எங்க ஆளு படம்டா. வேண்டிக்கிட்டாச்சு, நடந்தே தீருவேன்."

தெருமுனைக் கடைக்கே பைக் சாவி தேடுகிற மனிதர், பதினாலு கிலோமீட்டர் நடக்கச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சரி, போங்க. ஆனா கோயில்ல அந்த எடிட்டர் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாங்க. அவர் பேரு என்ன?" என்றேன்.

மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தை மூன்று முறை பார்த்தவருக்கும் தெரியவில்லை, ஒரு மாதமாகத் திட்டியவனுக்கும் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் உடனே கமெண்டில் போடுங்கள். நட்சத்திரமும் தெரிந்தால் இன்னும் நல்லது. பெயர் தெரியாமல் நான் அனுப்புவதாக இல்லை. மனிதர் வாசலில் வெறுங்காலோடு நிற்கிறார்.