விடுபட்ட பெயர்

தொலைபேசி அடித்தால் மங்கையற்கரசி எடுத்தவுடன் பேசமாட்டார். காதில் வைத்து ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பார். அந்தப் பக்கம் இன்னொரு மூச்சும் சேர்ந்து கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான், "ஓம், சொல்லுங்க" என்பார்.

"இந்த டென்மார்க்கில, இக்காஸ்டுல ஆரும்மா ஒட்டுக் கேக்கப்போறான்? உங்கட மீன்குழம்பு வைக்கிற விதத்தையா?" என்று மகள் ஷர்மினி சிரிப்பாள்.

"கேக்கிறவன் சொல்லிப்போட்டா கேக்கிறான்?"

மட்டக்களப்பிலிருந்து யுத்தகாலத்தில் வந்த அழைப்புகளில் எவரும் கெட்ட செய்தியை வாயால் சொன்னதில்லை. சுகமாயிருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். விடுபட்டவர் யாரென்று கேட்பவர் கண்டுகொள்ள வேண்டும். தம்பி கோணேசன் இல்லாமற்போனதை அவர் அப்படித்தான் அறிந்தார்.

முதியோர் இல்லத்தின் சலவை அறையில் அவரோடு வேலைசெய்பவள் செலாம், எரித்திரியாக்காரி. அவளுடைய ஊரில் கைத்தொலைபேசிக்கு இணையம் வராது. அவளுடைய அக்கா தலைநகர் அஸ்மராவில் ஓர் இணையக் கடையில் காத்திருந்துதான் எழுதுவாள். அங்கே யாருடைய கண் எந்தத் திரையில் என்று சொல்லமுடியாது.

செலாமின் தம்பி யோனாஸ் இராணுவ முகாமை விட்டு ஓடியிருந்தான். எல்லை தாண்டினானா, பிடிபட்டானா, தெரியாது. அன்று இடைவேளையில் அக்கா இணைப்பில் வந்ததும் செலாம் அவன் பெயரைத் தட்டப் போனாள். மங்கையற்கரசி ஈரக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பேர் போடாத, மகள். வீட்டில எல்லாரும் சுகமா எண்டு மட்டும் கேள்." டேனிஷில்தான் சொன்னார், 'மகள்' மட்டும் தமிழில் வந்தது.

"நீ எங்கட பொலிசை விட மோசம்" என்று முறைத்தாலும் செலாம் அப்படியே கேட்டாள். பதில் வந்தது. அதை வாசித்துச் சொன்னாள்: அம்மா சுகம், அத்தை சுகம், பக்கத்து வீட்டாரும் சுகம், நல்ல மழை.

"பாத்தியா, எல்லாரும் சுகமாம்!" செலாமுக்கு முகம் மலர்ந்தது.

மங்கையற்கரசி சொன்னவர்களை விரல்விட்டு எண்ணினார். யோனாஸ் அதில் இல்லை. படுக்கை விரிப்பின் மூலைகளைச் சேர்த்து மடிக்கத் தொடங்கினார்.

அதன்பிறகு இடியப்பமும் சொதியும் தினமும் இரண்டு பேருக்கு வந்தன.

"எனக்கென்ன வருத்தமா? ஏன் இப்பிடித் தீத்துறாய்?"

"மெலிஞ்சு போனாய். சாப்பிடு."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினார். ஒருநாள் உலர்த்தியின் இரைச்சலுக்குள் செலாமின் தொலைபேசி அடித்தது. எடுத்த எடுப்பிலேயே அவள் கத்தினாள். எத்தியோப்பியாவிலிருந்து யோனாஸ். மங்கையற்கரசி விரிப்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருடம் அக்காவும் எல்லை தாண்டி வந்து சொன்ன பிறகுதான் மற்றது தெரிந்தது. யோனாஸ் பத்திரமாக எல்லை தாண்டிவிட்டான் என்றுதான் அன்று அவள் முதலில் தட்டினாளாம். கடைக்காரன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதும் அழித்துவிட்டு, மழையைப் பற்றி எழுதினாளாம்.