கூடக் கிடைத்த ஆயுசு

எழுபதுகள்ல ஒரு மழைக்காலம். ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து கிள்ளிட்டிருந்தேன். ஒரு நாள் காறித் துப்புனா ரத்தம். மறுநாளும் ரத்தம். தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருந்த எங்க லயத்துல ரத்தம் துப்புனா அதுக்கு ஒரே பேருதான், டி.பி. வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடல. டிஸ்பென்சரிக்குப் போனா மலையை விட்டு இறக்கி ஆஸ்பத்திரியில போட்டுருவாங்க. பால்குடி மறக்காத மகளை யாரு பாக்குறது?

அந்த நாளெல்லாம் ஆண்டவரோட ஒரே சண்டைதான். கெஞ்சுனேன்னு சொல்ல மாட்டேன், சண்டையே போட்டேன். "உமக்கு ஆயிரம் வேலை இருக்கும், இவளுக்கு நான் ஒருத்திதான். இவ பள்ளிக்கூடம் போற வரைக்குமாவது என்னை விட்டு வையும்"னு கேட்டேன். மகளைக் குளிப்பாட்டுறப்ப அவ முதுகையே பாத்துட்டு நிப்பேன். ரத்தத்தைப் பாக்குறதுக்கு முன்னால குளிப்பாட்டுறதும் எனக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குக் கிளம்ப, வாளித் தண்ணியில குனிஞ்சு மூஞ்சி கழுவுனேன். பக்கத்துல நின்ன வீட்டுக்காரர் உத்துப் பாத்தாரு.

"ஏட்டி, அசையாத. மூக்குல என்னமோ எட்டிப் பாக்குது."

துணியால பிடிச்சு ஒரே இழு. வந்துது பாருங்க, என் ரத்தத்தைக் குடிச்சுக் கொழுத்த அட்டை. அட்டை காலைக் கடிக்கும், கழுத்தைக் கடிக்கும், அது எங்களுக்குத் தெரியும். தாகத்துக்கு ஓடைத்தண்ணியைக் கையால அள்ளிக் குடிக்கிறோமே, அதோட உள்ள போயி மூக்குல ஒட்டிக்கும், அந்த ரத்தம்தான் தொண்டையில இறங்குதுன்னு எம்புத்திக்கு எட்டவே இல்ல. வாளிக்குப் பக்கத்துலயே உட்காந்து சிரிச்சேன், அழுதேன், மறுபடியும் சிரிச்சேன். மனுஷன் ஒண்ணும் புரியாம முழிச்சாரு. விஷயத்தைச் சொன்னதும், இத்தனை நாளா ஏன் மறைச்சேன்னு கோவிச்சுக்கிட்டு எனக்கு முன்னாலயே கோயிலுக்கு நடந்துட்டாரு.

கோயில்ல ஸ்தோத்திரம் சொல்லும்போதே ஒரு எண்ணம் குடைஞ்சுது. கேட்ட ஆயுசு கையில வந்துட்டுது, இதை வெச்சு என்ன செய்யப்போறோம்? எங்க லயத்துக் கடைசி வீட்டுல ஒரு அக்கா நெசமாவே டி.பி.யில படுத்திருந்தாங்க. அந்த வாசலைத் தாண்டுறப்ப எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குவோம். திரும்புற வழியில உள்ள போயி, சன்னலைத் தொறந்து வெச்சு, அவங்க தலைமாட்டுல உட்காந்தேன். சொல்லலாமா கூடாதான்னு தயங்கி, அட்டைக் கதையைச் சொல்லிட்டேன். இருமிக்கிட்டே சிரிச்சாங்க. தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, இங்கயும் ஒண்ணு இருக்கான்னு பாருன்னாங்க.

பெறகு மெதுவா, "தலை பின்னி விடுறியா? என்னை யாரும் தொட்டே ரொம்ப நாளாச்சு"ன்னாங்க.

பின்னி விட்டேன். அன்னிக்கு மட்டுமில்ல, அவங்க இருந்த வரைக்கும்.