நாலு துரைமார் தங்கிய இடம்

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிற காளியாயி லேசில் அசருகிற பொம்பிளை இல்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவையே எதிர்த்துப் பேசுகிறவள். அன்று காலை அவளும் அசந்துபோனாள். தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன மகள் நிரோஷினிக்கு முதல் நாள் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தார்கள். பிள்ளை அழுதது, தாய் இன்னும் கண் திறக்கவில்லை. பார்க்கவும் விடமாட்டோம் என்றுவிட்டார்கள். காளியாயி என்னதான் செய்வாள், பாவம்! மகளுக்காக நேர்ந்து வளர்த்த சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றோரத்துச் சாமிக்கல்லுக்கு ஓடினாள்.

அது சாமிக்கல்லே இல்லை என்பதுதான் வம்பு. அந்தக் காலத்தில் மலையை ஆராய வந்த நாலு துரைமார் அங்கே ஒரு ராத்திரி கூடாரமடித்துத் தங்கினார்களாம். அதன் ஞாபகமாக டவுன் சங்கத்தார் நட்ட கல் அது. அவர்கள் பேரை இங்கிலீசிலும் சிங்களத்திலும் பொறித்த புண்ணியவான்களுக்குத் தமிழ் மட்டும் மறந்துபோனது. மலையில் புதிதாக ஒரு கல் நின்றால் நம் சனம் சும்மா விடுமா? குங்குமம் வைத்துக் கும்பிட்டு, விளைச்சல் பெருக வேண்டி 'பொலி' சொல்லிவிட்டுத்தான் கொழுந்தில் கை வைத்தது.

அன்றைக்கென்று பார்த்து அங்கே வருஷ விழா. குங்குமத்தைக் கழுவி, கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, பழைய மாதிரியே ஒரு கூடாரமும் அடித்திருந்தார்கள். பெரிய ஆட்கள் வரும் நேரம். விழா முடியட்டும் என்று சங்கச் செயலாளர், கடைக்கார ஹலீம் முதலாளி கெஞ்சிப் பார்த்தார். அதுவரை மகள் தாங்குவாளா என்று காளியாயி கேட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பிக்கிற பாலச்சந்திரன் வாத்தியார்தான் உண்மையைச் சொன்னார்.

"அம்மா, இதில சாமி ஒண்டும் இல்லை. நாலு வெள்ளைக்காரர் படுத்து எழும்பிப் போன இடம்."

அப்படியானால் இத்தனை நாளும் காளியாயி யாரிடம் அழுதாள்? அந்தக் கூடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கூடாரத்தத் தூக்கியாந்தவங்க எங்க படுத்தாங்க, சேர்?"

வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது. "வெளியில. மழைக்குள்ள. ஒருத்தன் விடிய எழும்பேல்லையாம்."

"அவரு பேரு?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

கல்லில் பேர் உள்ள நாலு பேரும் எழுந்து போனவர்கள். போகாதவன் இங்கேயே கிடக்கிறான். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. சேவலை இறக்கிவிட்டு ஈர மண்ணில் விழுந்தாள்.

"அய்யா, ஒங்க பேரு எனக்குத் தெரியல. அன்னிக்கி ஒங்கள யாரும் எழுப்பல. எம் மகள நீங்க எழுப்பிவிடுங்க."